த்ரீவீலுக்கு ரேடியோ செட் பூட்டும் தம்பிமாருக்கு



வத்தேகம, பன்வில, மடுல்கல பக்கம் பல லயங்களின் வாசலில் இன்று த்ரீவீல் நிற்கிறது. பகலில் ஹயர் ஓடும் அதே வண்டிதான் ராத்திரியில் பிரசவ வலி வந்த தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறது. பாட்டுக் கேட்பது நல்ல காரியந்தான். ஆனால் பாட்டுக்காகப் பெட்டரி செத்து, அவசரத்துக்கு வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் என்ன செய்வது? ஆகவே செட் பூட்டும் முறையை இங்கே படிப்போம்.

முதல் வேலை: பெட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். கடைசியாக மாட்ட வேண்டியதும் அதுதான். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பொடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

வயர்களின் நிறம்: கடைகளில் வாங்கும் செட்டுகளுக்குப் பெரும்பாலும் ஒரே முறைதான். ஆனாலும் செட்டில் ஒட்டியுள்ள படத்தைப் பார்த்துக்கொள்ளுங்க.

மஞ்சள் - எப்போதும் 12 வோல்ட். ஸ்டேசன்களை ஞாபகம் வைக்க.
சிவப்பு - கீ போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயருக்கு.
கறுப்பு - எர்த். பெயின்ட் சுரண்டிய இரும்பில் இறுக்கமாக.
வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா - ஸ்பீக்கர். கறுப்புக் கோடு உள்ளது நெகட்டிவ்.

ஸ்பீக்கர் நெகட்டிவை ஒருபோதும் பொடியில் கொடுக்காதீங்க. செட்டின் உள்ளே எரிந்துவிடும்.

சிலர் சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து முறுக்கி நேராகப் பெட்டரிக்குக் கொடுக்கிறார்கள். அப்போது கீயை எடுத்தாலும் செட் ஓயாது. அணைக்க மறந்த செட் 1 அம்பியர் இழுத்தால் 10 மணித்தியாலத்தில் 10 அம்பியர்-மணி போய்விடும். 32 அம்பியர்-மணி பெட்டரியில் இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பழைய பெட்டரி என்றால் காலையில் ஸ்டார்ட் ஆவது சந்தேகம்.

பியூஸ்: மஞ்சள் வயரில், பெட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் தனிப் பியூஸ் போடுங்கள். செட்டில் 10 என்று இருந்தால் 10, 15 என்று இருந்தால் 15. பியூஸ் போனால் சிகரட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றுவது பெரும் ஆபத்து. பியூஸ் எரிய வேண்டிய நேரத்தில் வயர் எரியும். வண்டியில் இருப்பதோ பெற்றோல். ஹெட்லைட் வயரில் இருந்தும் கரண்ட் எடுக்காதீங்க. செட்டின் கோளாறினால் பியூஸ் போனால் மலை வளைவில் லைட்டும் சேர்ந்து போகும்.

கோளாறு வந்தால்:

1. ஸ்டேசன் எல்லாம் மறந்துபோகிறதா? மஞ்சள் வயரில் எப்போதும் கரண்ட் வரவில்லை.
2. இன்ஜின் வேகத்தோடு 'உய்ங்' சத்தம் கூடுகிறதா? முதலில் எர்த்தைப் பாருங்க.
3. புதுப் பியூஸும் உடனே போகிறதா? எங்கோ வயர் தோல் உரிந்து பொடியில் படுகிறது. பெரிய பியூஸ் அதற்கு மருந்தல்ல.
4. பெட்டரி அடிக்கடி இறங்குகிறதா? மீட்டரால் அளந்து பாருங்க. இன்ஜின் நின்று சில மணி நேரம் சென்றபின் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது. இன்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டால் சுமார் 14 காட்ட வேண்டும். கூடவில்லை என்றால் பிழை சார்ஜில்தான், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ராத்திரி வண்டியை நிறுத்தும்போது கீயை எடுத்து, செட் அணைந்ததா என்று ஒருமுறை பாருங்கள். லயத்தில் யாருக்கு எப்போது அந்த வண்டி தேவைப்படும் என்று யாரும் சொல்ல முடியாது.