சாக்லேட்டில் தோய்த்த பழம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஸ்ட்ராபெரியைச் சாக்லேட்டில் முக்கி எடுப்பது பார்வைக்கு அரை நிமிட வேலை. ஆனால் வீட்டில் செய்து பார்க்கிற பலர் ஒரு தடவையோடு விட்டுவிடுகிறார்கள். சாக்லேட் திடீரென்று இறுகிப்போகிறது, பழத்தில் ஒட்டாமல் வழுக்குகிறது, ஒட்டினாலும் மறுநாள் வெள்ளை பூத்து நிற்கிறது. நமக்குக் கைப்பக்குவம் போதாது என்று நொந்துகொள்கிறார்கள். கைப்பக்குவத்துக்கும் இதற்கும் அதிகத் தொடர்பில்லை. சாக்லேட் என்பது கொழுப்பில் கலந்து கிடக்கும் கோகோவும் சர்க்கரையும். பழமோ பெரும்பாலும் தண்ணீர். 100 கிராம் ஸ்ட்ராபெரியில் சுமார் 91 கிராம் தண்ணீர்தான். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டை ஒட்டவைக்கிறோம். இது மனதில் இருந்தால், இந்தப் பலகாரத்தைச் சுற்றி உலவும் யோசனைகளில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பது தெரிந்துவிடும்.

“உருக்கிய சாக்லேட் கெட்டியாக இருந்தால் கொஞ்சம் பால் விடுங்கள்”

அதிகம் பேருடைய சாக்லேட்டைக் கெடுத்த யோசனை இது. சர்க்கரை டப்பாவில் ஈரக் கரண்டியை விட்டால் கட்டி தட்டுமே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. சில சொட்டு ஈரம் பட்டதும் சாக்லேட்டில் உள்ள சர்க்கரையும் கோகோத் துகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பாத்திரத்தில் இருப்பது மொத்தமும் கரகரவென்று இறுகிவிடும். பால் மட்டுமல்ல, மூடியிலிருந்து சொட்டும் நீராவி, துடைக்காத கரண்டி எல்லாமே இதைச் செய்யும். வெண்ணெய் சேர்க்கலாமே என்பார்கள். வெண்ணெயிலும் ஏறத்தாழ 16 சதவீதம் தண்ணீர் இருக்கிறது.

தளர்த்தத்தான் வேண்டும் என்றால் 200 கிராம் சாக்லேட்டுக்கு ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயோ வாசனை இல்லாத வேறு சமையல் எண்ணெயோ போதும். அளவு கூடினால் பூச்சு கடினப்படாது; தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உருகுகிற பொருள்.

இறுகிப்போன சாக்லேட்டைக் குப்பையில் கொட்டிவிடாதீர்கள். சில சொட்டுத் தண்ணீர் இறுக்கும், நிறையத் தண்ணீர் இளக்கும். 60 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சூடான பாலைச் சேர்த்துக் கலக்கினால் மறுபடி வழவழப்பாகும். பழத்தின் மேல் அது ஓடாகப் படியாது என்றாலும், பழத்துண்டைத் தொட்டுச் சாப்பிட அருமையான குழம்பு.

“அப்படியானால் பழத்தைக் கழுவவே கூடாது”

கட்டாயம் கழுவ வேண்டும். ஸ்ட்ராபெரி மண்ணை ஒட்டி விளைவது, தோல் உரிக்காமல் சாப்பிடுவது. காம்போடு கழுவி, பருத்தித் துணியில் பரப்பி, ஒவ்வொன்றாக ஒற்றியெடுத்து, மின்விசிறிக் காற்றில் கொஞ்ச நேரம் விடுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பழத்தை உடனே தோய்க்க வேண்டாம். அதன் மேல் ஈரம் வியர்க்கும். பிறகு பழம் சூடாகி விரியும்போது பூச்சில் கீறல் விழும்.

“காம்பவுண்ட் என்றால் போலி, அதைத் தொடாதீர்கள்”

இதை ஒரு வரியில் தீர்க்க முடியாது. கடையில் கட்டியாக விற்கும் சமையல் சாக்லேட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கோகோ பட்டர் என்று இருந்தால் அது அசல் சாக்லேட். அந்த இடத்தில் தாவரக் கொழுப்பு இருந்தால் காம்பவுண்ட். இரண்டையும் ஒரே பெயரில், ஒரே விலையில் விற்றால் அது ஏமாற்று. காம்பவுண்ட் என்று சொல்லியே விற்பதில் தவறில்லை. கையில் உருகவில்லை, மெழுகு கலந்திருக்கிறார்கள் என்று ஒரு புரளி அடிக்கடி கிளம்பும். பெரும்பாலும் அங்கே இருப்பது இந்தத் தாவரக் கொழுப்புதான். அதன் உருகுநிலை கொஞ்சம் அதிகம், அவ்வளவே.

நம் ஊருக்கு இது ஏன் முக்கியம்? கோகோ பட்டர் உறையும்போது ஆறு விதமாகப் படிகமாகலாம். அவற்றில் ஐந்தாவது வகைதான் பளபளப்பையும் கடித்தால் ‘டக்’கென்று முறியும் தன்மையையும் தருவது. அது உருகுவது சுமார் 34 டிகிரியில். அந்தப் படிகத்தை வரவழைக்கச் செய்கிற வேலைக்கு டெம்பரிங் என்று பெயர். டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, 27, 28 டிகிரிக்கு ஆறவிட்டு, மறுபடி 31, 32 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். சமையல் குறிப்புகள் பெரும்பாலும் 20 டிகிரி இருக்கும் அறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மே மாதத்தில் சென்னையிலோ மதுரையிலோ சமையலறையே 35 டிகிரியைத் தாண்டி நிற்கும். அங்கே அசல் சாக்லேட் தட்டில் கிடந்து உறையவே வழியில்லை. தோல்வி உங்களுடையது அல்ல.

ஆகவே கோடையில், ஏசி இல்லாத வீட்டில், குழந்தைகளோடு சேர்ந்து செய்வதென்றால் காம்பவுண்டே சரி. டெம்பரிங் தேவையில்லை, உருக்கித் தோய்த்தால் போதும். ருசியில் குறை உண்டு, அதை மறைக்க மாட்டேன். கோகோ பட்டர் வாய்ச் சூட்டில் முழுக்கக் கரையும். காம்பவுண்ட் அண்ணத்தில் லேசாகப் படியும்.

மார்கழி, தை மாதங்களில், அல்லது ஏசி அறையில், அசல் சாக்லேட்டைத் துணிந்து எடுங்கள். 200 கிராமை நறுக்கி, முக்கால் பங்கை உருக்கி இறக்கி, மீதியைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கரையும்வரை கலக்குங்கள். பின்னால் போடும் துண்டுகளில் நல்ல படிகம் ஏற்கெனவே இருக்கிறது. அது மற்றதையும் தன் வழிக்கு இழுக்கும். வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு சொட்டைக் கத்தி முனையில் தடவி வையுங்கள். ஐந்து நிமிடத்தில் பளபளப்போடு உறைந்தால் தோய்க்கலாம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ விளைகிறது. அந்த விவசாயத்துக்கும் இப்படி ஒரு தேவை நம் வீடுகளில் கூடினால் எனக்கு மகிழ்ச்சி.

“மைக்ரோவேவில் வைத்தால் கருகிவிடும்”

முழு வேகத்தில் இரண்டு நிமிடம் வைத்தால் கருகத்தான் செய்யும். பாதி வேகத்தில், 30 விநாடிக்கு ஒரு தடவை எடுத்துக் கலக்கினால் கருகாது. உருகிய பிறகும் கட்டி தன் வடிவத்திலேயே நிற்கும். அதைப் பார்த்து உருகவில்லை என்று மறுபடி வைப்பதில்தான் எல்லாம் கெடுகிறது. அடுப்பில் செய்தால் மேல் பாத்திரத்தின் அடி கீழே உள்ள வெந்நீரைத் தொடக்கூடாது.

“வெள்ளை பூத்தால் பூஞ்சை, தூக்கிப் போடு”

பெரும்பாலும் பூஞ்சை அல்ல. விரலால் தேய்த்துப் பாருங்கள். மறைந்துவிட்டால் அது மேலே வந்து படிந்த கொழுப்பு. டெம்பரிங் சரியில்லை, அல்லது சூட்டில் இருந்திருக்கிறது. தேய்த்தும் போகாமல் சொரசொரப்பாக இருந்தால் சர்க்கரை. ஈரம் பட்டுக் கரைந்து, காய்ந்தபின் மேலே நிற்பது. இரண்டையும் சாப்பிடலாம். ஆனால் உள்ளே ஈரப் பழம் இருந்து, நூல் போலவோ பச்சையாகவோ படர்ந்திருந்தால் அது பூஞ்சைதான், யோசிக்காமல் எறியுங்கள்.

“சாக்லேட் மூடியிருக்கிறதே, பழம் நாலு நாள் தாங்கும்”

இந்த நம்பிக்கையைத்தான் கடுமையாக மறுக்க வேண்டும். பூச்சு பழத்தைப் பதப்படுத்துவதில்லை. உள்ளே சாறு கசிந்துகொண்டே இருக்கும். அன்னாசி, ஆரஞ்சு, நறுக்கிய வாழை எதுவானாலும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வெயில் 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம். ஸ்ட்ராபெரியை மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

நாள்பட வைக்க வேண்டுமானால் இரண்டு வழி. ஒன்று, வாழைத்துண்டுகளை உறையவைத்து, தோய்த்து, மறுபடி ஃப்ரீசருக்கே அனுப்புவது. இன்னொன்று, உலர்ந்த பழத்துக்கு மாறுவது. பேரீச்சை, உலர் அத்தி, உலர் மாம்பழம், காய்ந்த தேன் நெல்லி எல்லாவற்றிலும் ஈரம் குறைவு, சாக்லேட்டும் விடாமல் ஒட்டும். ஸ்ட்ராபெரி இல்லாவிட்டால் இந்தப் பலகாரமே இல்லை என்று நினைக்கிறவர்கள், கொட்டை நீக்கிய பேரீச்சையில் ஒரு வறுத்த முந்திரியைச் செருகித் தோய்த்துப் பாருங்கள். என் கணக்கில் அதுதான் முதலிடம்.

“டார்க் சாக்லேட்டும் பழமும் சேர்ந்தால் மருந்து”

மருந்து இல்லை, இனிப்பு. 70 சதவீத டார்க் சாக்லேட்டிலும் மீதியில் பெரும்பகுதி சர்க்கரையே. சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவோடு இருக்க வேண்டும். வீட்டு நாய்க்கு ஒரு துண்டுகூடப் போடாதீர்கள். கோகோவில் உள்ள தியோபுரோமின் அதற்கு நஞ்சு, திராட்சையும் அப்படியே.

“திராட்சை சின்னப் பழம், குழந்தைக்கு வசதி”

வசதி இல்லை, ஆபத்து. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூச்சுக்குழலை அடைக்கச் சரியான அளவு அது. சாக்லேட் பூச்சு அதை இன்னும் பெரிதாக்கும், வழுக்கவும் வைக்கும். சின்னக் குழந்தைக்கு முழுத் திராட்சையைத் தோய்த்துத் தராதீர்கள். நீளவாக்கில் நான்காக நறுக்கி, மேலே லேசாகச் சாக்லேட்டைக் கீற்றாக விட்டு, உட்காரவைத்து, பக்கத்தில் இருந்து கொடுங்கள்.