சட்டத்தில் ஒரு சொல்

"கோர்ட்டுக்குப் போனால் நியாயம் கிடைக்கும்" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் நீதிபதி முதலில் பார்ப்பது நமது கஷ்டத்தை அல்ல, சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான். இதை நமது மக்களின் வழக்கு ஒன்றைக் கொண்டே இம்முறை படிப்போம்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் "தோட்டத் தொழிலாளர்" என்றோ "இந்தியத் தமிழர்" என்றோ எழுதி நம்மை விலக்கவில்லை. இங்கே பிறந்தவராக இருந்தாலும் தகப்பனாரும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. சொல் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் லயத்தில் இருந்தவர்கள் அதற்கு அத்தாட்சி தேடி எங்கே போவது? 1949இல் பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்று வேறொரு சட்டம் வந்தது. நம்மவர்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து போயின.

ருவன்வெல்லத் தொகுதி இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கும்படி கோடகன் பிள்ளை என்பவர் கேட்டார். ஒரு சமூகத்தாருக்கு மட்டும் பாதகம் உண்டாக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது என்று அப்போதைய சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சொன்னது. அதுவே அவருடைய வாதம். இடாப்பை மீளாய்வு செய்த அதிகாரி அவர் பக்கம் தீர்த்தார். 1951இல் உயர் நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்கும்போது வெளியே போய்க் காரணம் தேட வேண்டியதில்லை என்றது.

1953இல் வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சிலுக்குப் போனது. சொல்லை மட்டுமல்ல, அதனால் வரும் பலனையும் பார்க்கலாம் என்று அங்கே ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும், யார் பிரஜை என்று தீர்மானிப்பது ஒரு சட்டசபையின் இயல்பான வேலை என்று கூறி மேன்முறையீட்டைத் தள்ளிவிட்டார்கள்.

ஆக, கோர்ட் ஒரு சொல்லை இரண்டு விதமாகப் படிக்கலாம்: எழுதியபடி படிப்பது ஒன்று, நோக்கத்தையும் பலனையும் சேர்த்துப் படிப்பது மற்றொன்று. கோர்ட்டில் கிடைக்காத பரிகாரத்தைப் பிற்பாடு பாராளுமன்றம்தான் புதிய சொற்களால் எழுதியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அப்படி வந்ததே.

சொல் நமக்குத் துணையாகவும் நிற்கும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தைப் பாருங்கள். வேலை முடிவது "தொழில்தருநராலோ, தொழிலாளியாலோ" என்று அதில் இருக்கிறது. ஆகவே ஐந்து வருஷம் பூர்த்தியான ஒருவர் தானாகவே வேலையை விட்டாலும் அவருக்குப் பணிக்கொடை உண்டு. "நீயாகத்தானே போனாய், காசு கிடையாது" என்று யாரும் சொல்ல முடியாது. நாட்கூலிக்காரருக்குப் பூர்த்தியான ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம். "பூர்த்தியான" என்ற சொல்லையும் கவனியுங்கள். அதனால்தான் வேலைக்குச் சேர்ந்த தேதிக்கு அத்தாட்சி வேண்டும்.

தொழில் நியாய சபைக்கு இன்னொரு அதிகாரமும் உண்டு. ஒப்பந்தத்தில் எதிராக எழுதியிருந்தாலும் தொழிலாளிக்கு அது நிவாரணம் கொடுக்கலாம். கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியவை:

1. விளங்காத மொழியில் உள்ள கடிதத்தில் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வைக்காதீர்கள். வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

2. பிரதி ஒன்று கேட்டு வாங்குங்கள்.

3. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, சேமலாப நிதி அட்டை ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு, மழை படாத இடத்தில் வையுங்கள்.

பாட்டன் காலத்தில் ஒரு கடதாசி இல்லாததால் வாக்கே போனது. பேரப்பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக்கூடாது.