முழு இழப்பு: கார் உடையவர் கற்க வேண்டிய கணக்கு

மோட்டார் கார் ஒரு காலத்தில் செல்வர் வீட்டு வாசலில் மட்டுமே நின்றது. இன்று ஆசிரியரும் குமாஸ்தாவும் சிறு வியாபாரியும் மாதத் தவணையில் கார் வாங்குகிறார்கள். நம் சங்கத்து மாணவர் பலருடைய வீட்டிலும் ஒரு கார் இருக்கிறது. அது விபத்தில் சிக்கினாலும் வெள்ளத்தில் மூழ்கினாலும் சில நாட்களில் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வருகிறது. அதற்குப் பொருள் சொல்லும்படி ஊரிலுள்ள பெற்றோர் கேட்பது தில்லியில் படிக்கும் பிள்ளையைத்தான். ஆகவே எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத இந்தப் பாடத்தை நாம் சிறிது கற்று வைத்திருப்பது நல்லது.

அக்கடிதத்தில் காணும் முக்கியமான தொடர் 'டோட்டல் லாஸ்' என்பது. தமிழில் முழு இழப்பு எனலாம். ஒர்க்ஷாப்பில் வேலை செய்வோர் 'வண்டி கண்டம்' என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். கேட்டவுடன், வண்டி இனி எதற்கும் ஆகாது, கம்பெனி கொடுப்பதை வாங்கிக்கொண்டு ஒதுங்க வேண்டியதுதான் என்று தோன்றும். ஆனால் முழு இழப்பு என்பது இரண்டு தொகைகளை ஒப்பிட்டுக் கண்ட முடிவு, அவ்வளவே. அத்தொகைகள் எவை, எவ்வாறு கணக்கிடப்பட்டன என்று அறிந்தவரே அடுத்து என்ன செய்வது என்று தெளிவாக முடிவு செய்ய இயலும்.

கடலிலிருந்து வந்த சொல்

இந்தக் கருத்து முதலில் கப்பல் இன்ஷ்யூரன்ஸில் தோன்றியது. கப்பல் கடலில் மூழ்கி அழிந்தால் அது மெய்யான முழு இழப்பு. பாறையில் மோதிக் கிடக்கும் கப்பல் அழியவில்லை. ஆயினும் அதைச் செப்பனிடும் செலவு செப்பனிட்ட கப்பலின் மதிப்பைவிட மிகுமானால், அதையும் முழு இழப்பாகக் கொள்ளலாம். இது கணக்களவில் முழு இழப்பு. இங்கிலாந்தின் 1906-ஆம் ஆண்டுச் சட்டமும் நம் நாட்டின் 1963-ஆம் ஆண்டுக் கடல் இன்ஷ்யூரன்ஸ் சட்டமும் இதை ஒரே வகையாக விளக்குகின்றன. இத்தகைய நிலையில் கப்பலைக் கம்பெனிக்கு விட்டுவிட்டு முழுத் தொகையைக் கேட்பதா, தாமே வைத்துக்கொண்டு பகுதி இழப்பாகக் கொள்வதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சட்டம் உடையவருக்கே அளித்தது.

கார் பாலிசியில் உடையவருக்கு அவ்வளவு உரிமை இல்லை. பழுது பார்த்துக் கொடுப்பதா, பணமாகக் கொடுப்பதா என்பதைக் கம்பெனி தீர்மானிக்கலாம் என்று பாலிசியில் எழுதியிருக்கிறது. எனினும் சிதைந்த வண்டியை என்ன செய்வது என்ற கேள்வியில் உடையவருக்கு இன்னும் இடம் உண்டு.

இரண்டு தொகைகள்

முதல் தொகை ஐ.டி.வி. எனப்படுவது. பாலிசி எடுக்கும்போது வண்டிக்கு எழுதப்படும் மதிப்பு இது. 2002-இல் வகுத்த இந்திய மோட்டார் கட்டண விதிகளின்படி, அந்த வகைக் காரின் விற்பனை விலையிலிருந்து வயதுக்கு ஏற்ப ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். 6 மாதம் வரை 5 சதவீதம். 1 ஆண்டு வரை 15. 2 ஆண்டு வரை 20. 3 ஆண்டு வரை 30. 4 ஆண்டு வரை 40. 5 ஆண்டு வரை 50. அதற்கு மேற்பட்ட வண்டிக்கு இருவரும் பேசி மதிப்பை முடிவு செய்வார்கள்.

இரண்டாவது தொகை, வண்டியை மீட்டுக் கொண்டுவந்து சீர்செய்ய ஆகும் செலவு. இச்செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது கணக்களவில் முழு இழப்பு என்பதும் அவ்விதிகளில் கண்டதே. பெரும்பாலான பாலிசிகளில் அந்த வாசகம் இருக்கிறது. உங்கள் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒர்க்ஷாப் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டை அப்படியே 75 சதவீதத்தோடு ஒப்பிடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சர்வேயர் அதில் தேய்மானம் கழிக்கிறார். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பாட்டரி ஆகியவற்றுக்குப் பாதி போய்விடும். இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதுக்கு ஏற்பக் கழிவு உண்டு. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. கழித்தபின் நிற்கும் தொகையே எல்லைக் கோட்டோடு ஒப்பிடப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு

விற்பனை விலை 8,00,000 ரூபாயுள்ள ஒரு காருக்கு வயது மூன்றரை என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதம் கழித்தால் ஐ.டி.வி. 4,80,000 ரூபாய். எல்லைக் கோடு 3,60,000 ரூபாய். ஒர்க்ஷாப் மதிப்பீடு 4,70,000 ரூபாய்.

தேய்மானம் கழித்துச் சர்வேயர் 3,50,000 என்று எழுதினால் அது பகுதி இழப்பு. 1500 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு உடையவர் ஏற்க வேண்டிய கட்டாயத் தொகை 1,000 ரூபாய். அதையும் கழித்தால் கம்பெனி தருவது 3,49,000. மீதி 1,21,000 ரூபாய் உடையவர் கையிலிருந்து போக வேண்டும். கிடைப்பது, பெரிய விபத்தில் சிக்கிச் சீர்செய்த ஒரு கார்.

சர்வேயர் 3,70,000 என்று எழுதினாலோ அது முழு இழப்பு. உடையவருக்கு மொத்தத்தில் 4,79,000 ரூபாய் மதிப்புக் கிடைக்கிறது. மதிப்பீட்டில் 20,000 ரூபாய் வேற்றுமை. அதனால் விளையும் பயனில் எவ்வளவு பெரிய வேற்றுமை! 'முழு இழப்பு' என்று கேட்டதும் கலங்க வேண்டியதில்லை என்பது இதனால் விளங்கும். பல சமயங்களில் உடையவருக்கு அதுவே நன்மை.

ஆகவே சர்வேயரின் அறிக்கைப் பிரதியைக் கேட்டுப் பெறுங்கள். கோட்டுக்குச் சற்றுக் கீழே தொகை நின்றால், எது விடுபட்டது என்று பாருங்கள். வண்டியைப் பிரித்துப் பார்த்தபின் தெரியவந்த பழுது சேர்ந்திருக்கிறதா? இழுத்து வந்த செலவு சேர்ந்திருக்கிறதா? வெள்ளத்தில் மூழ்கிய வண்டியானால் எஞ்சினைச் சேர்த்திருக்கிறார்களா? நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் கெட்டால், அது விபத்தின் நேர் விளைவு அன்று எனக் கம்பெனிகள் மறுப்பது வழக்கம். எஞ்சினுக்குத் தனிப் பாதுகாப்பு வாங்காதவர்கள் 2015-ஆம் ஆண்டுச் சென்னை வெள்ளம் போன்ற காலங்களில் வண்டியைத் தொடாமல் இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்வதே அறிவுடைமை.

சிதைந்த வண்டி யாருடையது?

பலரும் கவனியாத செய்தி இது. பொதுவான கார் பாலிசியின் வாசகப்படி, முழு இழப்பில் கம்பெனி தரவேண்டியது, ஐ.டி.வி.யிலிருந்து சிதைந்த வண்டியின் விலையைக் கழித்த தொகை. அதாவது சிதைந்த வண்டி உங்களிடமே நிற்கிறது. அதன் விலை கழிக்கப்படுகிறது. நடைமுறையில் கம்பெனி பழைய வண்டி வாங்குவோரிடம் விலை கேட்டு, அதிக விலை சொன்னவரைக் காட்டுகிறது. அவர் அந்த விலையைத் தருவார். மீதியைக் கம்பெனி தரும்.

எனவே சிதைவின் விலை 1,30,000 என்று கழித்தால், அந்த விலைக்கு வாங்குபவர் யார் என்று எழுத்தில் கேளுங்கள். வாங்க ஆள் இல்லாத விலையைக் கழிக்க இடம் கொடாதீர்கள். மேலும், 'சந்தையில் உங்கள் காருக்கு அவ்வளவு விலை இல்லை' என்று ஐ.டி.வி.யையே குறைத்துப் பேசினால் ஒப்ப வேண்டாம். முழு இழப்புக்கு ஐ.டி.வி.யே சந்தை மதிப்பு. பாலிசிக் காலத்தில் அதில் மேலும் தேய்மானம் இல்லை என்று 2002 விதிகள் கூறின. ஒரு மதிப்பை ஏற்றுப் பிரீமியம் வாங்கிய கம்பெனி சில மாதங்களில் அதைப் பாதியளவாகக் குறைக்க முயன்ற வழக்கில், 2008-இல் உச்ச நீதிமன்றமும் வண்டி உடையவர் பக்கமே நின்றது.

வைத்துக்கொள்வதா, விடுவதா?

இங்கே மூன்று எண்கள் போதும். சீர்செய்தபின் வண்டி என்ன விலை போகும்? சீர்செய்ய உண்மையில் என்ன செலவாகும்? சிதைவுக்கு இன்று என்ன விலை? முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். மிஞ்சுவது மூன்றாவதைவிட அதிகமானால் வைத்துக்கொள்வது பற்றி எண்ணலாம். குறைவானால் விட்டுவிட வேண்டும்.

மேற்சொன்ன காரைச் சீர்செய்தால் 3,80,000 ரூபாய் பெறும் என்று கொள்வோம். கம்பெனி ஒர்க்ஷாப்பில் செலவு 4,70,000. கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. வெளியிலே பழைய பாகங்களைப் போட்டு 2,10,000 ரூபாயில் முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். மிஞ்சுவது 1,70,000, சிதைவின் விலையைவிட 40,000 அதிகம். இலாபம்போல் தோன்றுகிறது. ஆனால் வளைந்த அடிச்சட்டம் நேராயிற்றா, விரிந்த காற்றுப்பைகளுக்குப் பதிலாகப் புதியவை போடப்பட்டனவா என்பது பெயிண்டுக்கு அடியில் மறைந்துவிடும். அந்த வண்டியில் ஏறப்போகிறவர்கள் நம் வீட்டார். நாற்பதாயிரத்துக்காக அந்த ஐயத்தை வாங்கிக்கொள்வது தகாது. வெள்ளத்தில் மூழ்கிய காரிலும் இதே ஐயம் உண்டு. மின்கம்பிகளிலும் இணைப்புகளிலும் துரு மாதங்கள் கழித்தே தலை காட்டும்.

வைத்துக்கொள்ளத் தக்க சமயமும் உண்டு. ஒன்பது ஆண்டுக் கார், ஐ.டி.வி. 1,60,000, எல்லைக் கோடு 1,20,000. இரண்டு கதவும் பானெட்டும் விளக்குகளும் போனாலே புதுப் பாகங்களின் விலையால் கோட்டைத் தாண்டிவிடும். ஆனால் எஞ்சினும் அடிச்சட்டமும் நன்றாக இருக்கின்றன. நம்பிக்கையான டிங்கர் 60,000 ரூபாயில் முடிப்பார். வண்டி 1,40,000 பெறும். சிதைவின் விலை 50,000. மிஞ்சும் 80,000 அதைவிட அதிகம். உயிருக்கு ஆபத்தான குறையும் இல்லை. இங்கே வைத்துக்கொள்வது நியாயமே.

வங்கிக் கடன் உள்ள காரானால் கம்பெனி முதலில் வங்கிக்குத்தான் பணம் கொடுக்கும். கடன் பாக்கி அதைவிட அதிகமானால் மீதியை நாம் கட்ட வேண்டும். பணம் சேரும்வரை தவணையை நிறுத்தலாகாது. 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்னும் கூடுதல் பாதுகாப்பு வாங்கியிருந்தால் ஐ.டி.வி.க்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வேற்றுமையும் கிடைக்கும். பாலிசியில் தேடிப் பாருங்கள்.

பதிவுப் பத்திரத்தில் யார் பெயர்?

பணம் வந்தவுடன் பலர் எல்லாம் முடிந்ததென்று இருந்துவிடுகிறார்கள். பேராபத்து அதில்தான் இருக்கிறது. திருடிய காருக்குச் சிதைந்த காரின் எண்ணையும் ஆர்.சி. எனும் பதிவுப் பத்திரத்தையும் பொருத்தி விற்கும் கும்பல்களைப் போலீசார் பலமுறை பிடித்திருக்கிறார்கள். சீர்செய்து ஓட்டப்படும் வண்டியும் விபத்தில் ஒருவரைக் கொல்லலாம். பல கைகள் மாறிய வண்டியானாலும், விபத்து நாளில் பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய காரை விட்ட மறுநாளே மறந்துவிட்ட குடும்பத்தின் மீது இலட்சக்கணக்கான ரூபாய்ப் பொறுப்பு வந்து விழலாம்.

ஆர்.சி.யோடு விற்றால் சிதைவுக்கு விலை கூடும். இல்லாமல் விற்றால் குறையும். வண்டி ஓடத் தக்கதாக இருந்து ஆர்.சி.யோடு விற்பதானால், 29, 30 எண் படிவங்களைத் தந்து பெயர் மாறும்வரை விடாமல் தொடருங்கள். வாங்குபவரின் அடையாளச் சான்றும் வண்டியை ஒப்படைத்த நாள், நேரம் குறித்த கையெழுத்தும் பெற்றுக்கொள்ளுங்கள். நிரந்தரமாகப் பயனற்றுப்போன வண்டியானால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி, 14 நாட்களுக்குள் அல்லது கூடிய விரைவில் பதிவு அலுவலகத்துக்கு அறிவித்துப் பத்திரத்தை அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் பதிவான கார் தில்லியில் வைத்திருக்கும்போது அழிந்தால், வசிக்கும் இடத்து அலுவலகத்திலேயே அறிவிக்கலாம். மூலப் பதிவு அலுவலகத்துக்கு அவர்கள் அனுப்புவார்கள். காயலான் கடைக்குத்தான் போக வேண்டிய வண்டியானால், 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் பெறுங்கள். அச்சான்றைக் காட்டிப் புதிய சொந்தக் கார் வாங்கினால் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மாநிலங்களுக்கு இடமுண்டு.

உடன்பாடு இல்லையென்றால்

முழுத் திருப்தி என்று எழுதிய தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். எந்தத் தொகை தவறு, ஏன் தவறு என்று கம்பெனிக்கு எழுதுங்கள். வேறொரு ஒர்க்ஷாப்பின் மதிப்பீட்டையும் இணையுங்கள். ஒரு மாதத்தில் விடை வராவிட்டாலும், வந்த விடை நிறைவு தராவிட்டாலும் இன்ஷ்யூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 2023 முதல் 50 இலட்சம் ரூபாய் வரையிலான வழக்கை அவர் விசாரிக்கிறார். அதன்றி, இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்கும் செல்லலாம்.

மாணவ நண்பர்களே! காரை இழந்த வீட்டில் மனக்கலக்கம் மிகுந்திருக்கும். ஒருவர் பழைய காரின் மீதுள்ள பாசத்தால் 'எப்படியாவது சீர்செய்வோம்' என்பார். மற்றொருவர் 'கொடுத்ததை வாங்கித் தொலைத்துவிடுவோம்' என்பார். அந்த வேளையில் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து, மூன்று எண்களை வரிசையாக எழுதிக் காட்டுங்கள். நான்காவது வரியில் ஆர்.சி. யார் பெயரில் நிற்கப்போகிறது என்று எழுதுங்கள். இந்த நான்கு வரிகளையும் பார்த்தபின் பெரியவர்கள் கையெழுத்திடட்டும்.