வயதுக்கேற்ற உணவு: அட்டப்பாடியும் இடுக்கி மலைகளும் காட்டும் பாடம்

பாலக்காடு மாவட்டத்தின் வடகிழக்குக் கோடியில், நீலகிரி மலையின் தென்சரிவிற்குக் கீழே அமைந்துள்ளது அட்டப்பாடி. மன்னார்க்காட்டிலிருந்து மலைப்பாதையில் ஏறி இதனை அடையலாம்; கோயம்புத்தூரிலிருந்து ஆனைக்கட்டி வழியாகவும் செல்லலாம். கிழக்கு நோக்கி ஓடும் பவானி ஆறு இப்பகுதியின் நடுவே செல்கிறது. அகளி, புதூர், ஷோலையூர் என்னும் ஊராட்சிகளில் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்கள் வாழ்ந்து வருகின்றனர். 2013ஆம் ஆண்டில் இங்குப் பச்சிளங் குழந்தைகள் பல அடுத்தடுத்து இறந்தன. அச்செய்தி நாடெங்கும் பரவவே, மத்திய, மாநில அரசுகளின் மருத்துவக் குழுக்கள் நேரில் சென்று ஆராய்ந்தன.

இறந்த குழந்தைகளுள் பல மாதம் நிறையுமுன் பிறந்தவை, அல்லது பிறக்கும்போதே 2,500 கிராமுக்குக் குறைந்த எடையுடையவை. தாய்மார்களுள் பலர் இரத்தச் சோகையாலும் மெலிவாலும் வாடியவர்கள். குழந்தைக்குப் பாலும் மருந்தும் கொடுத்து இக்குறையைப் போக்கிவிடலாம் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் இக்குறை குழந்தையிடம் தோன்றியதன்று. அது தாயிடமிருந்து வந்தது. தாயிடமும் அது கருவுற்ற பின்னர்த் தோன்றியதன்று. அவள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமியாக இருந்தபோதே அதற்கு அடிகோலப்பட்டுவிட்டது. குழந்தையை எடை போடும் கள ஊழியர் வந்து சேரும் காலத்திற்குப் பல ஆண்டுகள் முன்னரே, அதன் தாய் ஒரு பள்ளி வகுப்பறையில் அமர்ந்திருந்தாள் என்பதை ஆசிரியர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

இதன் காரணம் உடலியக்கத்தில் உள்ளது. கருவிலுள்ள சிசு, பிறந்தபின் முதல் ஆறு மாதங்களுக்குத் தனக்கு வேண்டிய இரும்புச் சத்தின் பெரும் பகுதியைத் தாயின் உடலிலிருந்து பெற்றுச் சேமித்துக்கொள்கிறது. இச்சேமிப்பு பெரும்பாலும் கருவின் கடைசி மூன்று மாதங்களில் நடைபெறுவது. தாய்ப்பால் மற்ற எல்லா வகையிலும் நிகரற்றதாயினும், அதிலுள்ள இரும்பு மிகச் சொற்பமே. எனவே மாதம் நிறையாது பிறந்த குழந்தையும், சோகையுற்ற தாயின் குழந்தையும் கையிருப்பின்றியே உலகிற்கு வருகின்றன. தாய்க்கோ தன் கையிருப்பைச் சேர்த்துக்கொள்ளக் கிடைத்த காலம் குமரிப் பருவமே. அப்பருவத்தில் உடல் விரைந்து வளர்வதால் இரத்தத்தின் அளவு பெருகுகிறது. மாதவிடாயும் தொடங்கி ஒவ்வொரு மாதமும் சிறிது இரத்தத்தை வெளியேற்றுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வகுத்த அளவின்படி, வளர்ந்த ஆண் ஒருவனுக்கு நாள்தோறும் 19 மில்லிகிராம் இரும்பு போதுமானது. 13 முதல் 15 வயது வரையுள்ள பெண்ணுக்கோ 30 மில்லிகிராம் வேண்டும். வீட்டில் கடைசியாக உண்பவளுக்கே எல்லோரினும் மிகுதியான தேவை இருக்கிறது.

தட்டிலிருந்து நீங்கிய தானியம்

அட்டப்பாடி மக்கள் முற்காலத்தில் காட்டைத் திருத்தி, இடம் மாற்றி மாற்றிப் பயிரிட்டு வந்தனர். கேழ்வரகு, சாமை, தினை ஆகியவற்றுடன் துவரை, அவரை, கீரை ஆகியனவும் ஒரே நிலத்தில் கலந்து விளைந்தன. ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். காட்டுக் கிழங்கும் தேனும் ஆற்று மீனும் இவற்றுக்குத் துணையாயின. பின்னர் மற்றப் பகுதிகளிலிருந்து குடியேறியவர்கள் பெருகினர், நிலங்கள் கைமாறின, காட்டில் நுழைவதற்குச் சட்டங்கள் வரம்பிட்டன. உணவுத் தட்டில் கேழ்வரகுக் களி இருந்த இடத்தில் நியாயவிலைக் கடை அரிசிச் சோறு வந்தமர்ந்தது. பசியைப் போக்குவதில் அரிசி குறைந்ததன்று. பஞ்ச காலங்களில் எத்தனையோ உயிர்களை அது காத்திருக்கிறது. குறை, அரிசி மட்டுமே தட்டில் எஞ்சியதில் உள்ளது.

இதனைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைகளைக் கொண்டு, பதினான்கு வயதுப் பெண்ணொருத்தி நாளொன்றுக்கு 400 கிராம் தீட்டிய பச்சரிசியும் சிறிது புளிக் குழம்பும் உண்பதாக வைத்துக்கொள்வோம். அவ்வரிசியிலிருந்து ஏறத்தாழ 1,420 கலோரி வெப்பமும் 32 கிராம் புரதமும் கிடைக்கின்றன. சுண்ணாம்புச் சத்து 30 மில்லிகிராம். அவளுக்கு வேண்டியது 1,000. இரும்பு இரண்டரை மில்லிகிராம், வேண்டியது 30. வயிறு நிறைந்துவிட்டது, தேவையோ நிறையவில்லை.

இனி, அந்த 400 கிராமில் பாதியைக் கேழ்வரகாக மாற்றினால் சுண்ணாம்பு ஏறத்தாழ 740 மில்லிகிராமாகவும் இரும்பு பத்தரை மில்லிகிராமாகவும் உயர்கின்றன. இத்துடன் 50 கிராம் துவரம் பருப்பும் 100 கிராம் தண்டுக்கீரையும் சேர்ந்தால் சுண்ணாம்பு 1,000ஐக் கடக்கிறது. புரதமும் அவளுக்கு வேண்டிய 43 கிராமை ஏறக்குறைய எட்டுகிறது. இதில் விலையுயர்ந்த பொருள் எதுவுமில்லை. ஆயினும் இரும்பு 17 மில்லிகிராம் அளவிலேயே நின்றுவிடுகிறது. கேழ்வரகு உண்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று மேடைதோறும் பேசுவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். மீன், முட்டை, இறைச்சி ஆகியன இடையிடையே கிடைப்பதும், பள்ளியில் வாரந்தோறும் வழங்கும் இரும்பு மாத்திரையும் தேவைப்படுவது இதனாலேயே. இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்த்துச் செறிவூட்டிய அரிசி 2024 மார்ச்சுக்குள் நியாயவிலைக் கடைகளில் புகுத்தப்பட்டது. அத்தகைய அரிசியால் இரும்புக் கணக்கு ஓரளவு மாறும். சுண்ணாம்புக் கணக்கு மாறாது.

அரிசியிலும் வேறுபாடு உண்டு என்பதை இம்மலைகளுக்கு அண்மையிலேயே அறிஞர்கள் ஆராய்ந்தனர். அட்டப்பாடிக்கு மேலே உள்ள நீலகிரியில், குன்னூரில் மக்காரிசன் என்னும் மருத்துவர் 1918இல் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்களது உணவுகளை எலிகளுக்கு அளித்து அவற்றின் வளர்ச்சியை அவர் ஒப்பிட்டது பெயர் பெற்ற சோதனை. அவர் அமைத்த ஆய்வுக்கூடமே 1958இல் ஐதராபாத்திற்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் பி-1இன் ஒரு பகுதி அரிசிமணியின் உட்புறம் சென்று தங்கிவிடுகிறது. புழுங்கலரிசி உண்ணும் மக்களிடையே பெரிபெரி அரிதாக இருப்பது இதனால்தான். பாலக்காட்டுச் சிவப்பு மட்டை அரிசியும் புழுக்கப்படுவதே.

2013க்குப் பின்னர் அட்டப்பாடியில் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் ஊர்தோறும் பொதுச் சமையற்கூடங்களை நடத்தின. சிறுதானியச் சாகுபடியை மீட்கும் திட்டத்தைக் கேரள அரசு 2017இல் மேற்கொண்டது. இவற்றால் பயன் விளைந்தது உண்மை. எனினும் குழந்தை மரணங்கள் பின்வந்த ஆண்டுகளில் அடியோடு நின்றுவிடவில்லை. சமையற்கூடம் இன்றைய பசியை இன்றே தீர்க்கும். சோகையுற்ற சிறுமி தாயாகும்வரை உள்ள ஆண்டுகளை அதனால் சுருக்க இயலாது.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. அட்டப்பாடிப் பழங்குடியினரிடையே அரிவாளணுச் சோகை என்னும் பரம்பரை நோய் காணப்படுகிறது. இதில் இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்து விரைவில் சிதைகின்றன. இது உணவுக் குறையால் வருவதன்று. இரும்பு மாத்திரையால் தீருவதும் அன்று. வெளிறிய கண்ணிமையையும் அடிக்கடி மூட்டுவலி, மஞ்சள் காமாலை ஆகியவற்றையும் கொண்ட பிள்ளையைக் கண்டால், மாத்திரையைக் கூட்டிக் கொடுக்காமல் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும். கோட்டத்துறையிலுள்ள அரசுப் பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனையை இதற்கு நாடலாம். வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்துப் புகும் கொக்கிப்புழுவும் குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. பூச்சி மருந்து தராமல் இரும்பு தருவது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பது போலாகும்.

தேநீர்க் குவளையும் தோட்டத் தொழிலாளியும்

தெற்கே இடுக்கி மாவட்டத்தில் நிலைமை வேறு. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு ஆகிய இடங்களின் தேயிலைத் தோட்டங்களில் உழைப்போருள் பெரும்பாலோர் பல தலைமுறைகளுக்கு முன் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து வந்த தமிழ்க் குடும்பத்தினர். கொழுந்து பறிக்கும் பெண் காலை முதல் சரிவில் நின்றும் ஏறியும் சுமந்தும் உழைக்கிறாள். கடின உழைப்புடைய பெண்ணுக்கு 2,720 கலோரி வேண்டும். அமர்ந்து பணிபுரிபவளுக்கு 1,660 போதும். தோட்டப் பெண்ணுக்கு உடற்பயிற்சியைப் பற்றிப் போதிப்பது வீண். அவளுக்கு வேண்டுவன ஓய்வும் புரதமும், பாலூட்டும் காலத்தில் நாள்தோறும் மேலும் 600 கலோரி உணவுமாம். ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்ததன் பெரும்பயன், வேலையிடையே தாய் வந்து பாலூட்ட முடிந்தது என்பதே.

குளிர் மிகுந்த இம்மலைகளில் சோற்றோடும் பலகாரத்தோடும் தேநீர் அருந்தும் வழக்கம் வேரூன்றியுள்ளது. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் தானியம், கீரை ஆகியவற்றின் இரும்போடு பிணைந்து, உடல் அதை ஏற்பதைப் பாதிக்கும் மேலாகக் குறைத்துவிடக்கூடும். தேநீரைக் கைவிடச் சொன்னால் எவரும் கேளார்; தோட்டக்காரரிடம் அவ்வாறு சொல்வது நகைப்புக்கும் இடமாகும். உண்பதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளி அருந்துமாறு சொன்னால் போதும். மாறாக, நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றிலுள்ள வைட்டமின் சி, இரும்பு உடலிற் சேருவதற்குத் துணை செய்கிறது. வட்டவடையிலும் காந்தளூரிலும் விளையும் காய்கறிகளும் பழங்களும் மூட்டை மூட்டையாக வெளிச்சந்தைகளுக்கு இறங்குகின்றன; விளைவித்தவர் வீட்டுக் குழம்பில் அவற்றைத் தேடவேண்டியுள்ளது.

உழைப்பு நின்ற பின்

வாழ்நாளின் மறுகோடியில் வேறொரு தவறு நேருகிறது. கடின உழைப்பாளியான ஆணுக்கு 3,470 கலோரி தேவை. ஓய்வு பெற்று வீட்டில் அமர்ந்ததும் அது ஏறத்தாழ 2,100ஆகக் குறைகிறது. ஆனால் தட்டிலுள்ள சோற்றின் குவியல் பழைய அளவிலேயே இருக்கிறது. முப்பது ஆண்டுகள் மலையேறிய உடலுக்கு இனி நோய் வராது என்னும் நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. நீரிழிவு நோய் கேரளத்தில் வளர்ந்தோருள் நால்வரில் ஒருவருக்கு இருப்பதாக 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று கண்டது. கருவாடு, ஊறுகாய் ஆகியவற்றால் உப்பும் மிகுகிறது. நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத உப்பே உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு.

சோற்றைக் குறைக்கச் சொன்னவுடன் முதியோர் பருப்பையும் முட்டையையும் சேர்த்துக் குறைத்துவிடுகின்றனர். இது பெரும் பிழை. வயது ஏற ஏற வெப்பத் தேவை குறைகிறதேயன்றிப் புரதத்தின் தேவை குறைவதில்லை. புரதமும் அசைவும் குன்றினால் தசை கரைந்து, சரிவில் கால் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிவோர் பலர். நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடத்தல், நாற்காலியில் கையூன்றாது பலமுறை எழுந்து அமர்தல், சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்றல் ஆகியன முதியோருக்கு ஏற்ற பயிற்சிகள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேர ஓட்டமும் விளையாட்டும் வேண்டும். தேர்வு வருகிறதென்று விளையாட்டு வகுப்பைப் பறித்துக்கொள்வதைத் தலைமையாசிரியர்கள் தவிர்க்கலாம்.

பல்லிழந்த முதியோருக்கும் ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கும் ஒரே அடுப்பில் உணவு ஆக்கலாம் என்பது மலையூர்த் தாய்மாருக்குப் பயன்படும் செய்தி. கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளைக்கவிட்டு, நிழலில் உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து அரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். முளைக்கும்போது தோன்றும் நொதிகள் மாச்சத்தைச் சிதைப்பதால், மிகுதியான மாவிட்டாலும் கஞ்சி கெட்டிப்படாது. சிறிய வயிற்றுக்குள் மிகுந்த சத்து சென்று சேரும். பருப்பையும் முருங்கைக் கீரையையும் வேகவைத்து மசித்து அதிற் கலக்கலாம். உப்பிடுவதற்கு முன் குழந்தையின் பங்கைத் தனியே எடுத்து ஒரு சொட்டு நெய் விட வேண்டும். எஞ்சியதில் சிறிது உப்பும் மோரும் சேர்த்தால் அது பாட்டியின் பங்கு.