முதல் வேலையும் காலச் சார்பும்

ஐதராபாத்தின் வடகிழக்கே ஏ.எஸ்.ராவ் நகர் என்றொரு குடியிருப்பு உண்டு. 1967இல் அணுசக்தித் துறையின்கீழ்த் தொடங்கப்பெற்ற இ.சி.ஐ.எல். நிறுவனத்தை உருவாக்கிய அய்யகாரி சாம்பசிவ ராவ் அவர்களின் பெயர் தாங்கியது அது. அந்நிறுவன ஊழியர் குடியேறி வளர்ந்த இடமாதலின், தொழில் தழைக்குமிடத்து ஊரும் தழைக்கும் என்பதற்கு அது கண்கூடான சான்றாம். தொழில் சுருங்குங்கால் நேர்வது யாது? உள்ளிருப்போரை அனுப்புமுன், புதியோரை வாயிலில் நிறுத்துவதே பல நிறுவனங்களின் வழக்கம். கல்லூரியினின்று அவ்வாண்டு வெளிவந்த பிள்ளை அவ்வாயிலில்தான் நிற்கிறான்.

2008 செப்டம்பர் 15இல் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் வீழ்ந்தது. அந்நாட்டு நிறுவனங்களின் பணியை நம்பியிருந்த ஐதராபாத்து மென்பொருள் தொழிலும் தளர்ந்தது. 2009 சனவரி 7இல் இந்நகரின் சத்யம் நிறுவனத் தலைவர், கணக்கிற் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என எழுத்தால் ஒப்புக்கொண்டார். ஏறத்தாழ 50,000 ஊழியர் கலங்கினர். ஏப்ரலில் டெக் மகிந்திரா அதனை ஏற்கும்வரை அக்கலக்கம் நீங்கவில்லை. கல்லூரியிலேயே தேர்வாகிப் பணி ஆணை பெற்ற மாணவர் பலர்க்குச் சேரும் நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. அநுபவமுடையோரே வேறிடம் தேடிய காலத்தில், புதியவனை யார் அழைப்பர்?

அன்பர்களே, இங்குதான் வீட்டார் பிழை செய்கின்றனர். “எதிர்வீட்டுப் பையனுக்குக் கிடைத்ததே, உனக்கேன் கிடைக்கவில்லை?” என்கின்றனர். எதிர்வீட்டான் இரண்டாண்டு முன்னர்ப் பட்டம் பெற்றவன் என்பதை மறக்கின்றனர். ஒன்று தோன்றுதற்குப் பல சார்புகள் வேண்டும் என்று பயின்ற நாம், வேலையின்மையை மட்டும் ஒருவனது தகுதிக்குறையாகக் கொள்வது முறையன்று.

கனடா நாட்டுப் பட்டதாரிகளைப் பற்றி 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதனைத் தெளிவாக்குகிறது. மந்த காலத்தில் வெளிவந்தோர் தொடக்கத்தில் 9 விழுக்காடளவு குறைந்த ஊதியம் பெற்றனர். ஐந்தாண்டில் அக்குறை பாதியாயிற்று. பத்தாண்டளவில் பெரும்பாலும் மறைந்தது. மறைந்த வழி கவனிக்கத்தக்கது: கிடைத்த சிறு வேலையிற் சேர்ந்து, பின்னர் மேலான நிறுவனங்கட்கு மாறியே பலரும் மீண்டனர். அமெரிக்காவில் 1979 முதல் 1989 வரை பட்டம் பெற்றோரை ஆராய்ந்த லிசா கான், அங்கே இக்குறை இன்னும் நெடிது நீடித்தமை கண்டார். ஆகவே காயம் மெய்யானதே. சில மாதங்களில் ஆறிவிடும் என்று ஆறுதல் கூறுதல் பொய்யாகும்.

மீளும் வழி மாறிச் செல்வதே என்றால், மாறும்போதெல்லாம் நம் பழைய ஏடு புரட்டப்படும் என்பதை நினைவிற் கொள்க. பணம் பெற்றுக்கொண்டு, பார்க்காத வேலைக்கு இரண்டாண்டு அநுபவச் சான்று எழுதித் தருவோர் இந்நகரில் உளர். பசித்த பிள்ளையின் கண்ணுக்கு அது கதவாகத் தோன்றும். அவனைக் கடிந்து பேச எனக்கு மனமில்லை. ஆயினும் மென்பொருள் துறையினர் 2006 முதல் தேசியத் திறன் பதிவேட்டை வைத்துள்ளனர். வருங்கால வைப்புநிதிக்கு 2014 முதல் ஒருவருக்கு ஒரே எண் என்னும் முறை வந்துள்ளது. ஊதியம் பெற்றதாகக் கூறும் மாதங்களில் வைப்புநிதி செலுத்தப்படவில்லையேல், வினா எழும். முதல் நிறுவனம் கவனியாது விட்டாலும் மூன்றாவது நிறுவனம் கண்டுபிடிக்கும். பொய்யுரை தவிர்த்தல் என்னும் சீலம் இங்கே வயிற்றுப்பாட்டையும் காக்கின்றது.

மெய்யான அநுபவத்திற்கு ஒரு சிறு வழி உண்டு. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம், 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பொறியியற் பட்டதாரிகட்கும் விரிந்தது. ஓராண்டுப் பயிற்சி; உதவித்தொகையில் ஒரு பகுதியை மத்திய அரசு ஏற்கின்றது. முன்னர்க் கூறிய இ.சி.ஐ.எல். நிறுவனமும் இத்தகைய பழகுநரைச் சேர்ப்பதுண்டு. தொகை சிறிது, முடிவில் வேலை தருவதாக உறுதியும் இல்லை. ஆனால் அச்சான்றிதழை எவர் சோதித்தாலும் அஞ்சவேண்டுவதில்லை. விண்ணப்பத்தில் வேலையற்றிருந்த மாதங்களையும் உள்ளவாறே எழுதி, பட்டம் பெற்ற ஆண்டை அதனருகே குறித்துவிடலாம். 2009 என்று கண்ட அதிகாரிக்கு அதன் காரணம் தெரியும்.