நனைந்த பின் உலர்த்துதல்: அருவிக்குச் செல்வோருக்கு ஒரு பாடம்

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் வாழும் நமக்கு உலர்த்துதல் புதிய செய்தியன்று. மழை குறைந்த இம்மண்ணின் வறண்ட தட்பவெப்பமே தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்கள் இங்கு வேரூன்றத் துணை செய்தது. ஈரம் பட்ட தீக்குச்சி பற்றாது. மை உலராத தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் அது தானாகவே சூடேறி விபத்தில் முடியலாம். ஆகவே எதை, எங்கே, எவ்வளவு நேரம் காயவைக்க வேண்டும் என்பதை இங்குள்ள தொழிலாளர்கள் நன்கு அறிவர். அந்தக் கவனத்தில் ஒரு பகுதியை நம் உடலுக்கும் அளிக்க வேண்டும் என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

குற்றாலச் சாரல் தொடங்கும் ஆனி, ஆடி மாதங்களிலும், தீபாவளிக்குப் பிந்தைய விடுமுறையிலும் நம் பகுதிக் குடும்பங்கள் வண்டி அமர்த்திக்கொண்டு புறப்படுகின்றன. சிலர் குற்றாலத்திற்கும், சிலர் இராசபாளையத்தை அடுத்த அய்யனார் அருவிக்கும், சிலர் மதுரை அருகே பரவையிலுள்ள நீர் விளையாட்டுப் பூங்காவிற்கும் செல்கின்றனர். உடல் நலமுள்ளவர்கள் செல்வதில் தடையேதும் இல்லை. நோயுற்றவர்களிலும் பலர் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செல்லலாம். நீரில் நனைந்த நேரத்தைவிட, நனைந்த பின் ஈரத்தோடு கழித்த நேரமே பெரும்பாலும் தொல்லை தருகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

ஐம்பது வயதைக் கடந்த தொழிலாளர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவருக்குப் பத்து ஆண்டுகளாக நீரிழிவு நோய் உள்ளது. பாதங்களில் உணர்ச்சி குறைந்திருப்பதை அவர் அறியமாட்டார். குடும்பத்தோடு ஐந்தருவியில் குளிக்கிறார். பின்பு அவசரமாகத் தலையைத் துவட்டி, சட்டையை மாற்றிக்கொண்டு, ஈரக் காலிலேயே காலுறையும் சப்பாத்தும் அணிந்து வண்டியில் ஏறிவிடுகிறார். தென்காசி, இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வழியாகச் சிவகாசிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். வழியில் உணவுக்கு நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் நான்கு மணி நேரம் அவருடைய பாதங்கள் ஈரத்திலேயே ஊறுகின்றன.

மறுநாள் விரலிடுக்கில் தோல் வெளுத்திருக்கிறது. மூன்றாம் நாள் அங்கே ஒரு வெடிப்பு. ஐந்தாம் நாள் காலுறையில் கறை படிந்திருப்பதை மகள் காண்கிறாள். அதுவரை அவருக்கு வலியே தெரியவில்லை. உணர்ச்சியுள்ள பாதமாக இருந்தால் வலி அவரை முதல் நாளிலேயே மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கும். அந்த எச்சரிக்கை இல்லாத பாதத்தில் சிறு வெடிப்பு வழியே கிருமி நுழைந்து, விரலையே இழக்கும் நிலை வரை செல்லக்கூடும். ஒரு சிறு துண்டும் இரண்டு நிமிட நேரமும் இதைத் தடுத்திருக்க இயலும்.

ஈரம் உடலில் என்ன செய்கிறது?

தோலின் மேலடுக்கு நீரை உறிஞ்சி உப்பும், வெளுத்து மென்மையாகும். அந்நிலையில் சிறு உராய்வும் அதைக் கிழித்துவிடும். காற்றுப் புகாத மடிப்புகளில் ஈரமும் உடற்சூடும் சேரும்போது பூஞ்சை எளிதாக வளர்கிறது. கால்விரல் இடுக்கில் தோன்றும் சேற்றுப்புண்ணும், தொடையிடுக்கில் தோன்றும் படர்தாமரையும் இவ்வாறு உண்டாகின்றன.

இரண்டாவது, ஈரம் உடலின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. ஒரு லிட்டர் நீர் உடல்மீது ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் தேவை. நனைந்த ஆடையோடு வண்டியின் சன்னலோரம் அமர்ந்திருக்கும் குழந்தையிடமிருந்து இவ்வெப்பத்தின் ஒரு பகுதி எடுக்கப்படுகிறது. எடையோடு ஒப்பிடும்போது குழந்தையின் உடற்பரப்பு அதிகம். ஆகவே அது பெரியவர்களைவிட விரைவில் குளிர்ந்து நடுங்கும். சளியும் காய்ச்சலும் நோய்க்கிருமிகளால் வருபவை. ஈரம் மட்டுமே அவற்றை உண்டாக்குவதில்லை. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்ந்த காற்று மூச்சிரைப்பைத் தூண்டக்கூடும். அவர்கள் தங்கள் இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

உலர்த்தும் முறை

பூங்காவின் குளங்களில் நீரைத் தூய்மையாக வைக்கக் குளோரின் சேர்க்கப்படுகிறது. அங்கு குளித்தவர்கள் முதலில் நல்ல நீரில் உடலை அலசிக்கொள்ள வேண்டும். அருவியில் குளித்தவர்களுக்கு இது தேவையில்லை. அதன்பின் கீழ்க்காணும் வரிசையைப் பின்பற்றலாம்.

1. ஈர ஆடை முழுவதையும், உள்ளாடை உட்பட, களைய வேண்டும். ஈர உள்ளாடையின் மேல் உலர்ந்த ஆடை அணிவது பயன் தராது.

2. தலை, முகம், காதின் வெளிப்புறம், கழுத்து என்று மேலிருந்து கீழாகத் துவட்ட வேண்டும். தேய்ப்பதைவிடத் துண்டை வைத்து அழுத்தி ஒற்றி எடுப்பது தோலுக்கு நல்லது.

3. மடிப்புகளைத் தனியே கவனிக்க வேண்டும். அக்குள், மார்பின் கீழ்ப்பகுதி, வயிற்று மடிப்பு, தொப்புள், தொடையிடுக்கு, முழங்காலின் பின்புறம் ஆகியவை அவசரத்தில் விடுபடும் இடங்கள்.

4. பாதங்களை இறுதியாக, வேறொரு சிறு துணியால் துடைக்க வேண்டும். ஒவ்வொரு விரலையும் விலக்கி, எட்டு இடுக்குகளையும் ஒற்றி எடுக்க வேண்டும். பாதத்தைத் துடைத்த துணியால் தொடையிடுக்கைத் துடைத்தால் காலிலுள்ள பூஞ்சை அங்கும் பரவும்.

5. தளர்வான, உலர்ந்த பருத்தி ஆடை அணிய வேண்டும். திரும்பும் பயணத்தில் சப்பாத்தைவிடக் காற்றோட்டமுள்ள செருப்பு நல்லது. உணர்ச்சி குறைந்த பாதமுள்ளவர்கள் பின்பட்டை கொண்ட, பாதத்தை உறுத்தாத செருப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரு குடும்பத்திற்கு ஒரே துண்டு என்னும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். படர்தாமரை ஒருவரிடமிருந்து வீடு முழுவதற்கும் பரவுவதற்கு அந்தத் துண்டே போதும்.

நீரிழிவு உள்ளவர்கள்

அருவிக்கரையின் கல்லிலும், பூங்காவின் வெயிலேறிய சிமெண்டுத் தரையிலும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்திற்குச் சூடும் தெரியாது. கல் குத்தியதும் தெரியாது. நீரில் நனையலாம் எனத் தனியே ஒரு செருப்பு வைத்துக்கொள்வது நன்று.

துவட்டிய பின் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய இயலாதவர்கள் சிறு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். அல்லது உடன் வந்தவர்களைப் பார்க்கச் சொல்லலாம். வறண்ட குதிகாலுக்குக் களிம்போ தேங்காயெண்ணெயோ தடவலாம். விரலிடுக்கில் எதையும் தடவக் கூடாது. அங்கு ஈரம் தங்கிவிடும். ஈரம் போகட்டுமென்று நெருப்பருகிலோ சூடான காற்றுக்கருவியின் முன்போ பாதத்தைக் காட்டக் கூடாது. உணர்ச்சியற்ற பாதம் வெந்த பின்பே தெரியவரும். பாதத்தில் திறந்த புண் இருந்தால் அந்த ஆண்டு அருவிக் குளியலைத் தவிர்த்துவிட வேண்டும்.

தீக்காயம் ஆறியவர்கள்

நம் வட்டாரத்தில் தீக்காயத்திலிருந்து மீண்டு வாழ்பவர்கள் பலர் உள்ளனர். தழும்பைப் பிறர் பார்ப்பார்களே என்று நீர்நிலைகளுக்குச் செல்லாமலே இருந்துவிடுபவர்களும் உண்டு. காயம் முழுவதும் ஆறி, மருத்துவர் அனுமதித்த பின் அவர்கள் தாராளமாகச் செல்லலாம். சில கவனங்கள் மட்டும் தேவை.

ஒட்டுத்தோல் வைத்த இடத்தில் பெரும்பாலும் வியர்வைச் சுரப்பியும் எண்ணெய்ச் சுரப்பியும் இருப்பதில்லை. ஆகவே அத்தோல் நீரில் விரைவில் ஊறும். உலர்ந்ததும் வறண்டு வெடிக்கும். புதிதாக ஆறிய தோலின் மீது அருவியின் நேரடித் தாக்குதல் படக் கூடாது, கொப்புளம் உண்டாகும். அருவியின் ஓரத்தில் நின்று குளித்தல் போதும். பின்பு மென்மையான துணியால் ஒற்றி எடுத்து, சில நிமிடங்களுக்குள் மருத்துவர் கூறிய களிம்பையோ எண்ணெயையோ தடவ வேண்டும். குறைந்தது ஓராண்டு வரை தழும்பின் மீது நேரடி வெயில் படாமல் மறைக்க வேண்டும்.

அழுத்த ஆடை அணிபவர்கள் அதை ஈரத்தோடு அணிந்திருக்கக் கூடாது. அடியில் வியர்க்குருவும் புண்ணும் தோன்றும். மாற்று ஆடையை உடன் கொண்டுசெல்ல வேண்டும். நனைந்ததை நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலும் சூடும் அதன் இழுவிசையைக் கெடுத்துவிடும்.

காது

காதில் புகுந்த நீர் பெரும்பாலும் தானே வடிந்துவிடும். தலையை ஒருபுறம் சாய்த்து, காதுமடலை மேலும் பின்னுமாக மெல்ல இழுத்தால் நீர் வெளியேறும். சிறு குழந்தைக்கு மடலைக் கீழும் பின்னுமாக இழுக்க வேண்டும். தீப்பெட்டித் தொழில் நடக்கும் ஊரில் கைக்கு முதலில் கிடைப்பது தீக்குச்சிதான். அதையோ, ஊக்கையோ, கோழியிறகையோ காதுக்குள் விடக் கூடாது. ஊறிய தோல் கீறிப்போகும், காதுமெழுகு மேலும் உள்ளே தள்ளப்படும், செவிப்பறையும் கிழியலாம். எண்ணெய் ஊற்றுவதும் தவறு.

செவிப்பறையில் துளை உள்ளவர்கள், காதில் சீழ் வடிபவர்கள், அண்மையில் காது அறுவை செய்துகொண்டவர்கள் அருவியில் தலையை நனைக்கக் கூடாது. காது கேட்கும் கருவியைக் குளிக்கும் முன்பே கழற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். தவறி நனைந்துவிட்டால் மின்கலத்தை நீக்கி, துடைத்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் உள்ள பெட்டியில் வைக்கலாம். வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைத்தால் கருவி பழுதாகும்.

மாவுக்கட்டும் தையலும்

மாவுக்கட்டு நனைந்தால் அதன் உறுதி குலையும். வெளிப்புறம் காய்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளிருக்கும் பஞ்சு ஈரமாகவே இருந்து தோலை ஊறவைக்கும். அதை வீட்டில் உலர்த்த முயலாமல் மருத்துவமனைக்கு வந்து மாற்றிக்கொள்ள வேண்டும். தையல் பிரித்து, காயம் முழுவதும் மூடும் வரை குளத்திலோ அருவியிலோ நனைதல் கூடாது. கட்டு நனைந்துவிட்டால் அன்றே மாற்ற வேண்டும்.

நாம் செய்யும் சில தவறுகள்

ஈரக் கூந்தலை அப்படியே கொண்டையிட்டுக்கொள்வது முதல் தவறு. துண்டால் ஈரத்தை ஒற்றி, விரித்துவிட்டுக் காற்றில் உலரவிட வேண்டும். வீடு திரும்பியதும் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கம் பலருக்கு உண்டு. மூச்சிரைப்பு உள்ள குழந்தைக்கு அப்புகை ஆகாது. தணலருகே நைலான் ஆடையும் விரித்த கூந்தலும் இருப்பது தீவிபத்துக்கு வழி வகுக்கும்.

ஈரம் போகாத மடிப்பில் பவுடர் கொட்டுவது இரண்டாவது தவறு. அது கட்டியாகித் தோலை உராயும். அரிப்பு வந்ததும் மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கித் தடவுவது மூன்றாவது. அரிப்பு இரண்டு நாளில் அடங்கும். பூஞ்சையோ உள்ளே பரவிக்கொண்டிருக்கும். பின்னர் அதைக் குணப்படுத்துவதற்குப் பல வாரங்கள் ஆகலாம்.

எப்போது வர வேண்டும்?

நீரிழிவு உள்ளவரின் பாதத்தில் வெடிப்பு, சிவப்பு, வீக்கம், கசிவு, துர்நாற்றம், கருமை ஆகியவற்றுள் எது தோன்றினாலும் வலி இல்லையே என்று காத்திராமல் அன்றே வர வேண்டும். காதுமடலை இழுத்தால் வலி, காதிலிருந்து கசிவு, கேட்கும் திறனில் குறைவு ஆகியவை இருந்தாலும், தழும்பில் கொப்புளமோ புண்ணோ தோன்றினாலும் காலம் தாழ்த்தாமல் காட்ட வேண்டும். மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

புறப்படும் முன் பையில் வைக்க வேண்டியவை

ஆளுக்கு ஒரு துண்டு, பாதத்திற்குத் தனியே ஒரு சிறு துணி, உள்ளாடை உட்பட ஒரு மாற்றுடை, நீரில் அணிய ஒரு செருப்பு, திரும்பும்போது அணிய ஒன்று, ஈர ஆடைகளைக் கட்டிவைக்க ஒரு பிளாஸ்டிக் பை, சிறு கண்ணாடி, அன்றாட மருந்துகள், தேவையானவர்களுக்கு இன்ஹேலர், மாற்று அழுத்த ஆடை, காதுக்கருவிக்கான பெட்டி.

உடன் செல்பவர்களிடம் நாங்கள் வேண்டுவது ஒன்று. எல்லோரும் வண்டியில் ஏறிய பின், ஓட்டுநர் புறப்படும் முன், இரண்டு நிமிடம் கேட்டுப் பெறுங்கள். வீட்டுப் பெரியவரின் பாதத்தை மடியில் வைத்து விரலிடுக்குகளை ஒருமுறை பாருங்கள். அவர் கூச்சப்பட்டு வேண்டாம் என்று மறுக்கலாம். ஆயினும் பார்த்துவிடுங்கள், அவருடைய பாதத்தால் உணர முடியாததை உங்கள் கண்கள் கண்டுகொள்ளும்.