குருவியும் கோபுரமும்

கைபேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சே சிட்டுக்குருவிகளை அழித்தது என்னும் கூற்று நெடுநாளாகவே வழங்கிவந்ததெனினும், 2018இல் அதையே கதைக்கருவாகக் கொண்ட ‘2.0’ திரைப்படம் வெளிவந்த பின் அது ஆய்ந்து நிறுவப்பட்ட முடிவுபோலவே மேடைகளிலும் பள்ளிக் கட்டுரைகளிலும் ஒப்பிக்கப்படுகிறது. ஆண்டுக் கணக்கைக்கூடப் பாராமல் குற்றவாளியைப் பிடித்துக் கொடுக்கும் இந்த அவசரம் கண்டிக்கத்தக்கது.

இக்கூற்றைச் சோதிக்க இலண்டனைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அங்குள்ள கென்சிங்டன் தோட்டத்துக் குருவிகள் முக்கால் நூற்றாண்டாக அவ்வப்போது எண்ணப்பட்டுள்ளன. பறவையியலாளர் மாக்ஸ் நிக்கல்சன் 1925இல் எண்ணியபோது 2,603 குருவிகள் இருந்தன. அத்தொகை 1948இல் 885ஆகவும், 1975இல் 544ஆகவும், 1995இல் 46ஆகவும் சுருங்கி, 2000இல் எட்டில் வந்து நின்றது. பிரிட்டனில் கைபேசிச் சேவை தொடங்கியதோ 1985இல். ஐந்தில் நான்கு பங்கு அதற்குப் பத்தாண்டு முன்பே போய்விட்டிருக்க, நடப்படாத கோபுரம் எவ்வாறு கொன்றது? குதிரைகளின் தீவனப் பையிலிருந்து தெருவில் சிந்திய ஓட்ஸும், லத்தியில் செரிக்காமல் கிடந்த மணிகளும் மோட்டார் வாகனங்கள் வந்ததும் அற்றுப்போனதே முதல் வீழ்ச்சிக்குக் காரணமாகப் பெரிதும் கூறப்படுகிறது.

பிந்தைய வீழ்ச்சியின் தடயம் கூட்டுக்குள் கிடக்கிறது. வளர்ந்த குருவி தானியம் தின்றாலும், பொரித்த முதல் நாள்களில் குஞ்சின் வாயில் திணிக்கப்படுவது அசுவினியும் சிறு புழுக்களுமே. லெஸ்டர் நகர ஆய்வில், பூச்சிக்குப் பதிலாகத் தாவர உணவு மிகுதியாகப் பெற்ற குஞ்சுகள் நலிந்திருந்தன. இலண்டனில் கூடுகளுக்கருகே புழு வைத்தபோது தேறிப் பறந்த குஞ்சுகள் பெருகின. எனினும் வளர்ந்த குருவிகளின் தொகை அதற்கேற்ப உயரவில்லை. ஆகவே பூச்சிப் பஞ்சம் மட்டுமே காரணம் என்பதும் பொருந்தாது. பறவை மலேரியா எனப்படும் குருதி ஒட்டுண்ணி நோய்க்கும் பங்குண்டு என 2019இல் வெளியான இலண்டன் ஆய்வு காட்டியது.

ஸ்பெயினிலும் பெல்ஜியத்திலும் கதிர்வீச்சு மிகுந்த இடங்களில் குருவிகள் குறைந்திருந்ததாக 2007இல் வெளிவந்த ஆய்வுகளைச் சிலர் நீட்டுவர். இரண்டும் ஒருங்கே காணப்படுவது வேறு, ஒன்று மற்றதை விளைவிப்பது வேறு. கோபுரம் நெருங்கிய இடத்தில் கட்டடமும் நெருங்கியிருக்கும், புதர் இராது.

குருவி இனமே அற்றுவிட்டது என்பதும் பிழை. இந்திய அளவில் அதன் தொகை ஏறத்தாழ நிலையாக உள்ளதென்றும், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மட்டும் குறைந்து வருகிறதென்றும் 2020ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை கூறியது.

மரக்கூடு மாட்டினால் குருவி வரும் என்பது பாதி உண்மை. ஓட்டு வீட்டின் உத்தரச் சந்தை இழந்த பறவைக்கு அது இடம் தரும்; இரை தராது. உலகச் சிட்டுக்குருவி நாளான மார்ச் 20 அன்று கூடு வழங்கிப் படமெடுத்துக்கொள்ளும் அமைப்புகள், முற்றத்தைச் சிமெண்டால் மூடுவதையும் கொசுவுக்கென எல்லாப் பூச்சிக்கும் சேர்த்துப் புகையடிப்பதையும் பற்றி வாய் திறப்பதில்லை. பெட்டிக்குச் செலவிடும் தொகையில் மதிலோரம் மருதாணி வேலி வளர்த்து, மருந்தடிக்காமல் விட்டால், குருவிக்கு ஒதுங்கப் புதரும் குஞ்சுக்குப் புழுவும் ஓரிடத்திலேயே கிடைக்கும்.